பங்குனி வரை பொறுத்த சுவர்

டிசம்பர் கடைசியில் ஊட்டிக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் எழுந்து தலைகுந்தாவுக்கு ஓடுகிறார்கள். புல்வெளியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உறைபனியைப் படம் பிடிக்க வேண்டும். போகிற வழியில் நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும் கட்டடங்களை யாரும் கவனிப்பதில்லை. ஒன்று காட்டேஜ், ஒன்று லாட்ஜ், இன்னொன்று மகன் கல்யாணத்துக்காக எழுப்பும் மாடி. தார்ப்பாய்க்கு உள்ளே இரும்புச் சாரத்தில் இரண்டு பேர் நின்று வெளிச்சுவருக்கு சிமென்ட் பூசிக்கொண்டிருப்பார்கள். காதை மூடிய குல்லாய், கையில் ரப்பர் உறை, பேசினால் வாயிலிருந்து ஆவி. மார்கழியில் இந்த மலையில் வெளிப்பூச்சு நடக்கிறது என்பதே பழைய மேஸ்திரிகளுக்குப் புதுச்செய்தியாக இருந்திருக்கும். அவர்கள் மார்கழியில் உள்வேலை பார்த்தார்கள். உள்வேலை இல்லாவிட்டால் கீழே ஊருக்குப் போய்விட்டார்கள்.

நீலகிரியில் வெளிப்பூச்சுக்கு வாகான நாட்கள் குறைவு. மேற்கே கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கிழக்கே குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழைதான் பெரிது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரு நாளில் விழுந்த மழையும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த வாரம் மலை எங்கெல்லாம் சரிந்தது என்பது ஊரில் இன்னும் பேச்சு. மழை ஓயும்போது பனி தொடங்கிவிடும். முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தை மாத இரவுகளில் பள்ளமான இடங்களில் பாதரசம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். மழையையும் பனியையும் கழித்துப் பார்த்தால் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி நடு வரை மிஞ்சும். அதிலும் சித்திரையில் மாலை இடிமழை உண்டு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சமவெளியில் சொல்வதை மலைக் கொத்தனார்கள் வேலை அட்டவணையாகவே வைத்திருந்தார்கள். பங்குனி பிறந்தால்தான் வெளிச்சுவர்.

அப்போது பூசியது சுண்ணாம்பு. அதுவும் எல்லோரும் இல்லை. சாதாரண வீடுகளில் மண்சுவர், மண்ணும் சாணமும் குழைத்த பூச்சு; மழையில் கரைவதும் கோடையில் திரும்பப் பூசுவதும் வருஷ வேலை. சுண்ணாம்பு பங்களாக்களுக்கும் தேவாலயங்களுக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் வந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி, சில ஆண்டுகளில் ஊட்டியில் ஒரு கல்வீட்டைக் கட்டினார். உள்ளூர்க்காரர்கள் அதைக் கல்பங்களா என்றார்கள். கல்லுக்குப் பஞ்சமில்லை, மலை முழுக்க சார்னோகைட் பாறை. சுண்ணாம்புக்குத்தான் சமவெளியை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. ரயில் குன்னூருக்கு வந்ததே 1899-இல், ஊட்டிக்கு 1908-இல். அதற்கு முன்பு ஒவ்வொரு மூட்டையும் மலைப்பாதையில் மாட்டு வண்டியிலும் பொதிமாட்டிலும் ஏறியது. அவ்வளவு பாடுபட்டு வந்த சரக்கைச் சுவர் முழுக்கக் கலவையாகப் போடக் கட்டுப்படியாகாது. அதனால் பல பழைய பங்களாக்களில் உள்ளே செங்கல்லை மண் வைத்துக் கட்டி, வெளியே மட்டும் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பதைப் பார்க்கலாம். இந்த மண் சேதி முக்கியம். பின்னால் வரும்.

சுட்ட கல்லைக் குழியில் கொட்டித் தண்ணீர் விட்டு நீற்றுவார்கள். கொதித்து அடங்கியதும் நாள்கணக்கில் ஊற விடுவார்கள். ஊறியதை மணலோடு சேர்த்து வட்டக் காடியில் கல் உருளை சுற்றும் செக்கில் வெண்ணெய்ப் பதம் வரும்வரை அரைப்பது அடுத்த வேலை. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரை ஊற்றிப் பிசைவார்கள். வெல்லம் கலவை சீக்கிரம் இறுகாமல் பார்த்துக்கொள்ளும், கரண்டிக்கு வழுக்கலாக இழுபடும். பூசுவது ஒரே தடவையில் அல்ல. மெல்லிய இரண்டு மூன்று அடுக்கு. முதல் அடுக்கு ஓரளவு பிடித்துக்கொண்ட பிறகுதான் அடுத்தது. மரக்கட்டையால் தட்டித் தட்டி நெருக்குவார்கள். வெடிப்பு ஓடினால் ஈரம் தெளித்து மறுபடி தட்டுவார்கள். சென்னையில் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் முட்டை வெள்ளையையும் தயிரையும் சேர்த்துக் கண்ணாடியாக மெருகேற்றிய பூச்சு உலகப் புகழ் பெற்றது. மலையின் வெளிச்சுவருக்கு அந்த மெருகு கிடைக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. கொஞ்சம் சொரசொரப்பாக விட்ட சுவர்தான் உள்ளே போன ஈரத்தைச் சீக்கிரம் வெளியே விடும்.

சுண்ணாம்பு இறுகும் விதத்தைக் கவனித்தால் இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று தெரியும். காளவாயில் சுடும்போது கல் தன்னிடமிருந்த கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடுகிறது. சுவரில் ஏறிய பிறகு அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது. வாயு பூச்சிலுள்ள ஈரத்தில் கரைந்தால்தான் இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். அதனால் சுவர் ஒரேயடியாகக் காய்ந்துவிடக் கூடாது; துளை முழுக்கத் தண்ணீர் நிறைந்து காற்று நுழைய இடமில்லாமலும் போகக் கூடாது. வாரக்கணக்கில் மேகம் தரையில் இறங்கிக் கிடக்கும் மலையில் இரண்டாவதுதான் எதிரி. அரை அங்குலப் பூச்சு உள்வரை இறுக மாதங்கள் வேண்டும். இறுகாத பூச்சுக்குள் இருக்கும் தண்ணீர் ஓர் இரவு உறைந்தால், பனிக்கட்டியாகும்போது அது சுமார் 9 சதவீதம் பெருக்கும்; பூச்சு உள்ளிருந்து பிளந்து, வெயில் ஏறியதும் ஏடு ஏடாக உதிரும். ஆக, பங்குனியில் பூசினால் மழைக்கு முன் மேல்தோல் இறுகி, அடுத்த உறைபனி வருவதற்குள் ஏழெட்டு மாதம் கிடைக்கிறது. மேஸ்திரிகளின் கணக்கு வேதியியல் படிக்காமலே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

மலைக்கு வந்த ஆங்கிலேயர்களுக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் இது புதிதல்ல. அவர்கள் ஊரிலும் சுண்ணாம்பு வேலை என்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான். குளிர்காலத்தில் பூசிய சுவர் வசந்தத்தில் தரையில் கிடக்கும் என்பது அங்கும் பாலபாடம். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829 ஏப்ரலில் அடிக்கல் வைத்தார்கள். 1831 ஏப்ரலில் ஈஸ்டருக்குத் திறந்தார்கள். நடுவில் இரண்டு பனிக்காலம். ராபர்ட் சிஷோம் வடிவமைத்த நீலகிரி நூலகம் 1860களின் கடைசியில் எழுந்தது. அதற்கும் ஓரிரண்டு ஆண்டு பிடித்தது. கட்டடத்தின் கால அளவே நீளமாக இருந்ததால் ஒரு மார்கழியைச் சும்மா விட அதில் இடம் இருந்தது.

அந்தச் சுவர்களுக்கு இன்னொரு துணையும் இருந்தது: கூரை. பழைய பங்களாவின் ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ சுவரைத் தாண்டி இரண்டடி, மூன்றடி வெளியே நீண்டிருக்கும். சுற்றிலும் தாழ்வாரம். சாரல் அடித்தாலும் சுவரின் கீழ்ப்பாதியைத்தான் தொடும். அந்தக் கீழ்ப்பாதி கல். பூச்சு ஏறிய மேல்பாதி மழையையே அதிகம் பார்க்காது. பழைய சுண்ணாம்புப் பூச்சு இரண்டு நூற்றாண்டு நிற்கிறது என்று வியக்கிறவர்கள் கடுக்காயையும் வெல்லத்தையும் புகழ்கிறார்கள். புகழில் பாதியாவது கூரைச் சாய்ப்புக்குப் போகவேண்டும் என்பது என் கட்சி. இன்று கட்டுவது மொட்டை மாடி. ஜன்னலுக்கு மேலே அதன் அளவுக்கு ஒரு சின்ன சன்ஷேடு, அவ்வளவுதான். தரையிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை முழுச்சுவரும் மழையைத் தானே வாங்கிக்கொள்கிறது. பொருள் மாறியதை எல்லோரும் சொல்கிறார்கள். சுவரின் மீது விழும் தண்ணீரின் அளவு பல மடங்கு கூடியதை யாரும் சொல்வதில்லை.

பொருள் மாறிய கதை சுருக்கமானது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் அதைச் செய்து பார்க்கும் முதல் முயற்சி 1904-இல் சென்னையில் நடந்து நிலைக்காமல் போயிற்று. 1930களில் கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரையிலேயே ஆலை வந்ததும் மலைக்கு சிமென்ட் கிட்டத்துச் சரக்கானது. பிறகு லாரிகள் வந்தன. மண்சுவரும் சாணமும் பூசியிருந்த வீடுகளுக்கு சிமென்ட் தந்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு ஆடியிலும் ஒரு பக்கச் சுவர் கரைந்து விழும் வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு இருந்தவர்களுக்குக் கரையாத சுவர் என்பது பெரிய விடுதலை. பழசுக்காக உருகுகிறவர்கள் பெரும்பாலும் பங்களாவை நினைத்து உருகுகிறார்கள், மண்வீட்டை நினைத்து அல்ல.

சிமென்ட் காற்றுக்குக் காத்திருப்பதில்லை. தண்ணீரோடு சேர்ந்தே இறுகும்; தண்ணீருக்கு அடியிலும் இறுகும். இதைத் தெரிந்துகொண்ட மலை இன்னொன்றையும் சேர்த்துத் தெரிந்துகொண்டதாக நினைத்துவிட்டது: இனி மாதம் பார்க்க வேண்டாம் என்று. தண்ணீரும் சிமென்டும் சேரும் வேலை சூட்டைப் பொறுத்தது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். 5 டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றே போகும். இந்தியத் தரவிதிகளில் குளிர்காலக் கான்கிரீட்டுக்கென்றே ஐ.எஸ். 7861-இன் இரண்டாம் பாகம் 1981-இல் வந்தது. அதிலும் எல்லைக்கோடு 5 டிகிரிதான். அது இமயமலைக்குப் போட்டது என்று நினைத்துத் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

கான்கிரீட்டாவது தப்பித்துக்கொள்ளும். பெரிய தூணோ தளமோ இறுகும்போது தானே சூட்டைக் கிளப்பும். கனமாக இருப்பதால் அந்தச் சூடு இரவு முழுக்க உள்ளேயே நிற்கும். பூச்சின் கனம் 12 மில்லிமீட்டர், போனால் 20. அதில் பிறக்கும் கொஞ்சச் சூட்டை ஒரு பக்கம் குளிர்ந்த சுவரும் மறுபக்கம் காற்றும் உறிஞ்சிவிடும். போதாக்குறைக்கு இன்று கடையில் கிடைக்கும் மூட்டை பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. ரகம். நல்ல சிமென்ட்தான், நாள் ஆக ஆக உறுதி கூடும். ஆனால் முதல் சில நாளில் மெதுவானது, குளிரில் இன்னும் மெதுவானது. கீழே மேட்டுப்பாளையத்தில் சாயங்காலத்துக்குள் கல்லாகிவிடும் பூச்சு, மேலே ஊட்டியில் இரவு முழுக்கப் பச்சையாகவே இருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதை ஒரு ஜனவரிக் காலையில் பார்த்தேன். முந்தின நாள் மூன்று மணிக்கு மேல் முடித்த மேற்குச் சுவர். மேஸ்திரி எட்டு மணிக்குச் சாக்கை விலக்கிவிட்டுப் பெருவிரலால் அழுத்தினார். நிழலில் இருந்த பகுதியில் பெரணி இலையைப் பதித்து எடுத்ததுபோல மெல்லிய கோடுகள் விசிறி விசிறியாக ஓடியிருந்தன. பனித்தூள் வளர்ந்த தடம். ஆணியை எடுத்துக் குறுக்கே கீறினார். மேலே ஓர் ஏடு மாவாகக் கொட்டியது. உள்ளே இன்னும் ஈரக்கலவை. வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

“மேல ஒரு கோட்டிங் இழுத்து விட்டுடலாமா மேஸ்திரி?”

“இழுக்கலாம் சார். ரெண்டும் சேந்து சித்திரையில விழும்.”

அந்தச் சுவரைக் கொத்தி எடுத்துவிட்டார்கள். எடுக்காமல் விட்டிருந்தால் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். பெயின்ட் அடித்த பிறகு தட்டிப் பார்த்தால்தான் பொக்குச் சத்தம் கேட்கும்.

மலைக்குளிரின் விசித்திரம் மதியத்தில் இருக்கிறது. இரவு 2 டிகிரி இருந்த அதே நாளில் மதியம் 20 டிகிரியைத் தொடும். மேகமில்லாத உயரத்தில் வெயில் தோலை உரிக்கும், காற்றில் ஈரமே இராது. காலையில் உறையப் பார்த்த பூச்சு மதியம் தண்ணீரில்லாமல் தவிக்கும். தண்ணீர் காட்டினால் இரவு உறையும், காட்டாவிட்டால் பகலில் வெடிக்கும். சமவெளி மேஸ்திரி மேலே வந்து தடுமாறுவது இங்கேதான். அவருக்குப் பழக்கமான பாடம், ஏழு நாள், பத்து நாள் காலையும் மாலையும் சுவரை நனைக்க வேண்டும் என்பது. மலைக்காரர்கள் காலை பத்து மணிக்கு மேல் நனைத்து, மூன்று மணிக்கு முன் நிறுத்திவிடுகிறார்கள். சாயங்காலம் தார்ப்பாயை இறக்கிக் கட்டுகிறார்கள். தாவரவியல் பூங்காவில் இதே மாதங்களில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார்ச் செடி கொண்டு மூடிவைப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்.

மழைக்காலத்துச் சங்கடம் வேறு வகை. பூச்சு சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் சுவர் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டும். கலவையிலிருக்கும் சிமென்ட் பால் கல்லின் துளைக்குள் இழுபட்டுப் போய் இறுகுவதே பிடிப்பு. காய்ந்த செங்கல் அளவுக்கு மீறிக் குடித்துவிடும் என்பதற்காகக் கீழே சுவரை முன்னாடியே நனைக்கிறோம். ஜூலையில் கூடலூரில் நிற்கும் சுவர் வாரக்கணக்கில் குடித்து நிறைந்து நிற்கிறது. அதன் மேல் அடித்த கலவைக்குப் போக இடமில்லை. கரண்டி எடுத்ததும் தன் பாரத்தில் தொங்கி, நடுவில் தொப்பை விழும். ஒட்டிக்கொண்டதாகத் தெரிவதும் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும். ஹாலோபிளாக் சுவர் இன்னும் மோசம்: உள்ளே இருக்கும் குழியில் மழைத்தண்ணீர் தேங்கி, பூசி முடித்து ஒரு மாதம் கழித்தும் கீழ்வரிசையில் கசியும். மெதுவாகக் காயும் சுவரில் உள்ளிருக்கும் சுண்ணமும் உப்பும் ஈரத்தோடு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். ஓதம் ஏறிவிட்டது என்று வீட்டுக்காரர் பயப்படுவார். பாதி நேரம் அது அவசரத்தின் பூப்பு.

இதற்கெல்லாம் இன்று மருந்து விற்கிறார்கள். நாரிழை கலந்த ரெடிமிக்ஸ் பூச்சு மூட்டை, பிடிப்புக்குப் பாலிமர் பால், நீர்விலக்கிப் பவுடர், சீக்கிரம் இறுகச் செய்யும் திரவம். சில நல்ல சரக்கு. பாலிமர் பால் தெளித்த சுவரில் பிடிப்பு நிஜமாகவே கூடுகிறது. கலவைக்கு வெந்நீர் ஊற்றுவது பழைய, மலிவான, பலனுள்ள வழி. பனிமருந்து என்ற பெயரில் வருவதைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பெரும்பாலானவை தண்ணீர் உறைவதைத் தடுப்பதில்லை. இறுகும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுகின்றன, அவ்வளவே. அதிலும் கால்சியம் குளோரைடு வகை இரும்பைத் தின்னும். பிரிட்டனில் கம்பி போட்ட கான்கிரீட்டில் அதைச் சேர்ப்பதை 1970களிலேயே தடுத்துவிட்டார்கள். நம் பூச்சிலும் தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை இருக்கிறது, சன்ஷேடுக்குள் கம்பி இருக்கிறது. புட்டியின் பின்பக்கத்தில் குளோரைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற மேஸ்திரி அபூர்வம்.

மணலும் மாறிவிட்டது. ஆற்றுமணல் போய் பாறையை உடைத்த எம்.சாண்ட் வந்தது, பூச்சுக்குச் சலித்த பி.சாண்ட். ஒழுங்காகக் கழுவிச் சலித்தது என்றால் குறையில்லை. தூசி மிகுந்த சரக்கு வந்தால் கலவை தண்ணீரை அதிகம் கேட்கும். அதிகத் தண்ணீர் என்றால் காயும்போது அதிகச் சுருக்கம், உறையும்போது அதிகப் பனிக்கட்டி. லாரி மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவந்து வாசலில் கொட்டிய பிறகு, தூசி மணல் என்று திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வருவதில்லை. வாடகையே பாதி.

அப்படியானால் ஏன் மார்கழியில் பூசுகிறார்கள்? விளைவு தெரியாமல் செய்யவில்லை. ஊட்டியில் சீசன் ஏப்ரலில் தொடங்குகிறது. மே மாதம் மலர்க் கண்காட்சி. காட்டேஜ் ஏப்ரலில் திறந்தால் ஒரு வருஷ வருமானத்தில் பெரும்பகுதி இரண்டு மாதத்தில் வந்துவிடும். தவறினால் வங்கித் தவணை வருஷம் முழுக்க நெருக்கும். ஏப்ரலில் திறக்க மார்ச்சில் பெயின்ட், மார்ச்சில் பெயின்ட் என்றால் ஜனவரி, பிப்ரவரியில் பூச்சு. புதுப்பூச்சு நாலு வாரமாவது காயாமல் பெயின்ட் அடிக்கக் கூடாது. அரசுக் கட்டடங்களுக்கு மார்ச் 31 என்ற தேதி இருக்கிறது. நிதியாண்டுக்குள் பில் போட வேண்டும். ஆக, பூசத் தோதான பங்குனியும் சித்திரையும் கட்டடம் வருமானம் தர வேண்டிய மாதங்களாகிவிட்டன. சுவருக்கு நல்ல காலமும் கல்லாப்பெட்டிக்கு நல்ல காலமும் ஒரே நேரத்தில் வருவது மலையின் சாபம் என்றுதான் சொல்லவேண்டும். மூட்டை சிமென்டை எவ்வளவு மேம்படுத்தினாலும் இந்த மோதலை அது தீர்க்கப்போவதில்லை.

ஆட்களும் சதுர அடிக் கணக்கில் வேலை பார்க்கிறார்கள். முன்பு நாட்கூலி, கொத்தனாரும் சித்தாளும் உள்ளூர், மழை வந்தால் வீட்டுக்குப் போய் மறுநாள் வருவார்கள். சாரத்துக்குக் கற்பூர மரக்கம்பும் கயிறும். இன்று பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஷெட்டில் தங்கியிருப்பவர்களுக்கு மழைநாள் என்பது சம்பளமில்லாத நாள், சாப்பாட்டுச் செலவு மட்டும் உள்ள நாள். இரும்புச் சாரத்துக்கு நாள் வாடகை ஓடுகிறது. மூன்று மணிக்கு நிறுத்தச் சொன்னால் ஆறு மணி வரை பூசுவதற்கு அவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. கடைசி மூன்று மணி நேரத்துப் பூச்சுதான் அதிகம் கெடுகிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இப்போது மண் சேதிக்கு வருகிறேன். மண் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசிய பழைய பங்களாவை வாங்கி ஹோம்ஸ்டே ஆக்குகிறவர்கள் முதலில் செய்வது, அங்கங்கே உதிர்ந்த காரையைத் தட்டிவிட்டு 1:4 சிமென்ட் கலவையால் கெட்டியாக மூடி, மேலே ரப்பர் மாதிரி இழுபடும் வெளிப்புறப் பெயின்ட் அடிப்பது. இரண்டு மழை நன்றாக நிற்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம் முன்பு சுண்ணாம்புத் துளை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. இப்போது வழி அடைபட்டதால் உள்பக்கம் திரும்பும். கட்டிலுக்குப் பின்னால் பூஞ்சை பூக்கும், கதவுச் சட்டம் உளுக்கும். வெளியே சிமென்டில் மயிரிழை வெடிப்பு வழியாக நுழையும் தண்ணீருக்குத் திரும்பி வர வழி கிடையாது. நடுவிலிருக்கும் மண் ஊறிக் குழையத் தொடங்கும். உறைபனி மாதத்தில் அந்த ஊறிய சுவரின் மேல்தோல் உறைந்து உறைந்து இளகும்போது சிமென்ட் பலகை பலகையாகக் கழலும். நூறு வருஷம் நின்ற சுவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். பழைய வீடு, அப்படித்தான் என்று பதில் சொல்லப்படும்.

சுண்ணாம்புக்கும் சிமென்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது: ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல். பிரிட்டனில் வெளிப்பூச்சுக்கு வெகுகாலமாகப் புழங்கும் கலவை. சிமென்ட்-சுண்ணாம்புப் பூச்சைப் பற்றிய நம் ஐ.எஸ். 1661-க்கும் அந்நியமில்லாதது. சிமென்ட் சீக்கிரம் பிடித்துக்கொடுக்கும், சுண்ணாம்பு வளைந்துகொடுக்கும், ஈரத்தையும் வெளியே விடும். நீலகிரிக்கு அளந்து தைத்த கலவை என்று இதைத்தான் சொல்வேன். ஆனால் தமிழ்நாட்டில் இந்தப் படியில் நாம் கால் வைக்கவே இல்லை; காரையிலிருந்து நேராகக் கெட்டி சிமென்டுக்குத் தாவிவிட்டோம். கடையில் போய்ப் பூச்சுக்கு நீற்றின சுண்ணாம்பு மூட்டை கேட்டால், வெள்ளையடிக்கவா, வெற்றிலைக்கா என்று கேட்கிறார்கள்.

அண்மைக்காலமாகச் சில பழைய கட்டடங்களில் சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கே திரும்புகிறார்கள். கைதேர்ந்த ஆட்கள் மலையில் மிச்சமில்லை. காரைக்குடிப் பக்கத்திலிருந்து செட்டிநாட்டு வீடுகளில் வேலை பழகியவர்களை அழைத்துவர வேண்டியிருக்கிறது. அப்படி வந்த ஒருவரிடம் குன்னூரில் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் டிசம்பரிலேயே வரச் சொல்லி முன்பணமும் கொடுத்திருக்கிறார். இவர் வரவில்லை. சுண்ணாம்பு உறைந்துவிடும் என்பதாலா என்று கேட்டேன்.

“அதெல்லாம் இங்க வந்துதான் சொன்னாங்க. எனக்கு அந்தக் குளிர் ஒத்துக்காது தம்பி. பங்குனி பொறக்கட்டும்னு சொல்லிட்டேன்.”